கேமுக்குள் வீடியோ திக்குகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

கேமில் ஒரு கட்சீனை, அதாவது கதை சொல்ல இடையில் ஓடும் வீடியோவைச் சேர்க்கிறீர்கள். வெளியே பிளேயரில் வழுக்கிக்கொண்டு ஓடும் அதே கோப்பு, கேமுக்குள் வந்ததும் திக்குகிறது. உடனே வேறு டீகோடர் (சுருக்கிய வீடியோவைப் படங்களாக விரிக்கும் நிரல்) தேடுவது, பிட்ரேட்டை (நொடிக்கான தரவின் அளவை) குறைப்பது, படத்தை 720 வரிக்கு இறக்குவது என்று கை போகும். அவசரப்பட வேண்டாம். இன்றைய மேசைக் கணினிகளுக்கு எச்.264 முறையில் சுருக்கிய 1080 வரி வீடியோ பெரிய சுமையே இல்லை. திக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவற்றில் ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) தயாராகத்தான் இருக்கிறது, அது திரைக்குப் போகும் நேரம்தான் பிசகுகிறது. எங்கே பிசகுகிறது என்று தெரியாமல் படத்தின் தரத்தில் கை வைத்தால், தரமும் போகும், திக்கலும் அப்படியே இருக்கும்.

கீழே உள்ளவை சி பிளஸ் பிளஸ், வீடியோவைப் படித்து டீகோட் செய்யும் எஃப்எஃப்எம்பெக் நூலகங்கள், திரையில் வரையும் ஓபன்ஜிஎல் ஆகியவற்றை வைத்து எழுதும் கேமை மனதில் கொண்டவை. யூனிட்டி, கோடோ போன்ற கேம் இன்ஜின்களைப் பயன்படுத்துபவர்களுக்கும் அறிகுறிகள் இவையேதான். மாற வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் மூன்று எண்கள்

கோப்பை எம்பிவி அல்லது விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் திக்கினால் கோப்பில்தான் கோளாறு. செல்போனில் எடுத்த வீடியோவும் திரைப்பதிவும் பல நேரம் மாறும் ஃபிரேம் வேகத்தில் இருக்கும். அவற்றை நிலையான வேகத்துக்கு மறுபடி என்கோட் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நன்றாக ஓடினால், கேமுக்குள் ஒவ்வொரு ரிஃப்ரெஷுக்கும் (திரை ஒருமுறை புதுப்பிக்கும் கணம்) மூன்று எண்களைப் பதிவு செய்யுங்கள்: முந்தைய ரிஃப்ரெஷிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆனது, இப்போது காட்டிய ஃபிரேமின் நேரக்குறி (எப்போது காட்ட வேண்டும் என்று அதோடு வரும் நேரம்) என்ன, டீகோட் ஆகி வரிசையில் காத்திருக்கும் ஃபிரேம்கள் எத்தனை. சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணை) நம்ப வேண்டாம். ஒரு நொடியில் 54 ரிஃப்ரெஷ்கள் ஒழுங்காக 16.67 மில்லிநொடியில் போய், ஒன்று மட்டும் 100 மில்லிநொடி எடுத்தால் சராசரி 55 என்று காட்டும். பார்ப்பவர் கண்ணில் படுவது அந்த ஒரு வெட்டுதான்.

மூன்றில் முக்கியமானது மூன்றாவது எண். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போலத்தான் இந்த வரிசை: மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வரவேண்டும். திக்கும் நேரத்தில் வரிசை காலியாக இருந்தால் டீகோடர் பக்கமோ கோப்பைப் படிக்கும் பக்கமோ பாருங்கள். வரிசை நிரம்பியிருந்தும் திக்குகிறது என்றால் டீகோடர் மேல் குற்றமே இல்லை, காட்டும் பக்கத்தில்தான் பிசகு. இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சோதனைக்கு எஃப்எஃப்எம்பெக்கின் டெஸ்ட்சோர்ஸ் ஃபில்ட்டரில் ஒரு வீடியோ உருவாக்கிக்கொள்ளுங்கள். நகரும் பட்டையும் ஓடும் எண்ணும் அதில் இருக்கும். அது கேமில் ஓடும்போது செல்போனின் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் திரையைப் படம்பிடித்தால், 60 ஹெர்ட்ஸ் திரையின், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையின் ஒவ்வொரு ரிஃப்ரெஷும் செல்போனில் நான்கு ஃபிரேமாக வரும். எந்தப் படம் எத்தனை ரிஃப்ரெஷ் நின்றது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். லாக் கோப்பில் தெரியாத உண்மை பல நேரம் இதில் தெரியும்.

அறிகுறி: வெட்டு இல்லை, ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் நடுங்குகிறது

வரிசை நிரம்பியிருக்கும். ரிஃப்ரெஷ் இடைவெளியும் சுத்தமாக 16.67 என்று இருக்கும். இங்கே நடப்பது வெறும் வகுத்தல் கணக்கு. 24 ஃபிரேம் வீடியோவை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் ஒரு ஃபிரேமுக்கு இரண்டரை ரிஃப்ரெஷ் வரும். அரை ரிஃப்ரெஷ் என்று ஒன்று கிடையாது. அதனால் ஒரு ஃபிரேம் மூன்று ரிஃப்ரெஷும் அடுத்தது இரண்டும் நிற்கும், அதாவது 50 மில்லிநொடி, 33 மில்லிநொடி என்று மாறி மாறி. ஒவ்வொன்றும் நிற்க வேண்டியதோ 41.7. ஆள் நின்று பேசும் காட்சியில் இது தெரியாது. மெதுவாக நகரும் அகலக் காட்சியில் பளிச்சென்று தெரியும். 25 ஃபிரேம் வீடியோவில் 2, 2, 3, 2, 3 என்று இன்னும் தாறுமாறாக விழும்.

இதற்கு நிரலில் மருந்து குறைவு, கோப்பில்தான் இருக்கிறது. கட்சீன் உங்கள் கேம் இன்ஜினிலேயே உருவானது என்றால் 30 அல்லது 60 ஃபிரேமில் ரெண்டர் செய்யுங்கள். இரண்டுமே 60, 120 ஹெர்ட்ஸ் திரைகளில் மிச்சமில்லாமல் வகுபடும். 144 ஹெர்ட்ஸ் திரையில் 30 வகுபடாது, ஆனாலும் அங்கே ஒரு ரிஃப்ரெஷ் 7 மில்லிநொடிக்கும் குறைவு என்பதால் ஏற்ற இறக்கம் கண்ணை உறுத்தாது. 24 ஃபிரேமுக்கோ 120-உம் 144-உம் கச்சிதம்: ஐந்து ரிஃப்ரெஷ், ஆறு ரிஃப்ரெஷ். உண்மையான கேமராவில் 24-இல் எடுத்த காட்சி என்றால், ரிஃப்ரெஷை மாற்றிக்கொள்ளும் திரைகளில் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டி 48 ஹெர்ட்ஸில் ஓட்டலாம். மற்ற திரைகளில் இந்த 3-2 தாளத்தை ஏற்றுக்கொள்வதே நல்லது. அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலந்து மழுப்பும் வழியும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், நகரும் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. "இரண்டு ரிஃப்ரெஷுக்கு ஒருமுறை அடுத்த ஃபிரேம்" என்று எண்ணி எண்ணிக் காட்டும் நிரலை எழுதவே எழுதாதீர்கள். உங்கள் 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக ஓடும் 30 ஃபிரேம் வீடியோ, வாங்கியவரின் 144 ஹெர்ட்ஸ் திரையில் 72 ஃபிரேம் வேகத்தில் பறக்கும். எந்த ஃபிரேமைக் காட்டுவது என்பதைக் கடிகாரமும் நேரக்குறியும் மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

அறிகுறி: 30 ஃபிரேம் வீடியோ, 60 ஹெர்ட்ஸ் திரை, கணக்கு சரி. இருந்தும் சில நேரம் நடுங்குகிறது

இதுதான் அதிகம் பேரைக் குழப்புவது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 30 ஃபிரேம் வீடியோவில் ஃபிரேம் மாறும் கணமும் திரை புதுப்பிக்கும் கணமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். கேம் லூப்பில் (ஒவ்வொரு படத்தையும் வரைய மறுபடி மறுபடி ஓடும் நிரல்) நீங்கள் கடிகாரத்தைப் படிக்கும் நேரம் ஒரு மில்லிநொடி முன்னே பின்னே விழத்தான் செய்யும். அந்த ஒரு மில்லிநொடி எல்லைக்கு இந்தப் பக்கம் விழுந்தால் பழைய ஃபிரேம், அந்தப் பக்கம் விழுந்தால் புதியது. விளைவு: சில ஃபிரேம்கள் ஒரே ரிஃப்ரெஷ், சில ஃபிரேம்கள் மூன்று. ஸ்லோமோஷனில் 2, 2, 3, 1, 2, 3, 1 என்று எண்ணிக்கை வந்தால் இதுதான் நோய்.

இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஒன்று, "இப்போது மணி என்ன" என்று கேட்காமல், "இப்போது வரையும் படம் எப்போது திரைக்கு வரும்" என்று கணக்கிட்டு அந்த நேரத்தை வைத்து ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள். விசிங்க் (படத்தைத் திரையின் ரிஃப்ரெஷோடு சேர்த்து மாற்றும் அமைப்பு) போட்டிருந்தால் அந்த நேரம் ரிஃப்ரெஷ் இடைவெளியின் மடங்காகத்தான் நகரும், எனவே அளந்த நேரத்தை அந்த மடங்குக்குச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு, தேர்ந்தெடுக்கும் நேரத்தை அரை ரிஃப்ரெஷ், அதாவது சுமார் 8 மில்லிநொடி தள்ளி வையுங்கள். அப்போது கடிகாரம் எப்போதும் ஃபிரேமின் எல்லையிலிருந்து விலகி நிற்கும், சின்ன ஆட்டம் எதையும் மாற்றாது.

ஒலியைத் தலைமைக் கடிகாரமாக வைத்திருப்பவர்களுக்கு இதிலேயே இன்னொரு கண்ணி. ஒலிச் சாதனம் பல நேரம் பஃபர் அளவில்தான் தன் இடத்தைச் சொல்லும். 48000 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் 21.3 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் அந்தக் கடிகாரம் நகரும். ஒரு ரிஃப்ரெஷையே விடப் பெரிய படி அது! அதை அப்படியே எடுத்து ஃபிரேம் தேர்ந்தெடுத்தால் நடுங்காமல் இருந்தால்தான் அதிசயம். கணினியின் நுண்கடிகாரத்தை ஓடவிட்டு, ஒலியோடு உள்ள வித்தியாசத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் ஒவ்வொரு ரிஃப்ரெஷிலும் சேர்த்து மெல்ல இழுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 100 மில்லிநொடியைத் தாண்டினால் மட்டும் ஒரேயடியாகத் தாவலாம்.

அறிகுறி: குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு சின்ன வெட்டு

வாட்சை எடுத்து இடைவெளியை அளந்து பாருங்கள். சுமார் 17 நொடிக்கு ஒன்று என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 29.97 ஃபிரேம் வீடியோவுக்கு நொடிக்கு 59.94 ரிஃப்ரெஷ் போதும், திரையோ 60 தருகிறது. மிஞ்சும் 0.06 சேர்ந்து சேர்ந்து 16.7 நொடியில் ஒரு முழு ரிஃப்ரெஷ் ஆகி, ஒரு ஃபிரேம் கூடுதலாக நிற்கும். 23.976 வீடியோவிலும் இதே இடைவெளிதான். கோப்பைச் சரியாக 30-க்கு (23.976 என்றால் 24-க்கு) மாற்றிவிட்டால் தீர்ந்தது.

பத்து நொடிக்கு ஒன்று வந்து, அந்த நேரத்தில் வரிசையும் சரிந்தால் கீஃபிரேமை, அதாவது மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுப் படமாகச் சேமிக்கப்படும் ஃபிரேமைச் சந்தேகியுங்கள். எக்ஸ்264 என்கோடர் இயல்பாக 250 ஃபிரேம் வரை ஒரு கீஃபிரேமுக்கு இடைவெளி விடும், 24 ஃபிரேம் வீடியோவில் அது பத்து நொடிக்குச் சற்று மேல். கீஃபிரேம் மற்றவற்றைவிடப் பெரியது, டீகோட் ஆக நேரம் எடுக்கும். வரிசையில் எட்டு ஃபிரேம் இடம் விட்டால் இது தெரியாமலே போகும். 1080 வரிக்கு ஒய்யுவி வடிவில் (ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக வைப்பது) எட்டு ஃபிரேம் 25 மெகாபைட்தான்.

இடைவெளி ஒழுங்கே இல்லாமல் வந்தால், சி ஷார்ப்பில் எழுதுபவர்கள் முதலில் குப்பை சேகரிப்பை (பயன்படாத நினைவகத்தைத் தானாகத் திரும்ப எடுக்கும் வேலை) பாருங்கள். டாட்நெட்டில் 85,000 பைட்டும் அதற்கு மேலும் உள்ள அரேக்கள் (நினைவகத்தில் தொடர்ச்சியாக வைத்த தரவுத் தொகுதிகள்) தனிப் பகுதியில் வைக்கப்பட்டு, முழுச் சேகரிப்பில் மட்டுமே துப்புரவாகும். ஃபிரேமுக்கு ஒரு புது 8 மெகாபைட் அரே உருவாக்கினால் அந்த முழுச் சேகரிப்பை நீங்களே அடிக்கடி வரவழைக்கிறீர்கள். நான்கைந்து பஃபர்களை முதலிலேயே எடுத்து வைத்துச் சுழற்சியில் பயன்படுத்துங்கள்.

லோடிங் திரையில் மட்டும் வெட்டு வந்தால் டிஸ்க். 20 மெகாபிட் வீடியோவுக்கு நொடிக்கு 2.5 மெகாபைட் போதும், எந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதைத் தரும். ஆனால் அதே நேரத்தில் லெவல் கோப்புகளும் படிக்கப்படும்போது ஹெட் அங்குமிங்கும் அலைய வேண்டியிருக்கிறது. சில மெகாபைட் வீடியோவை முன்கூட்டியே நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். சின்ன லோடிங் வீடியோ என்றால் முழுக் கோப்பையுமே ஏற்றிவிடலாம்.

அறிகுறி: வீடியோ ஓடும்போது கேமின் வேகமே விழுகிறது

இங்கே இரண்டு இடத்தைப் பாருங்கள். டீகோட் வேலை முக்கிய த்ரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) நடக்கிறதா? தனி த்ரெட்டுக்கு மாற்றுங்கள். கூடவே இன்னொன்று: எஃப்எஃப்எம்பெக்கை கட்டளை வரியில் ஓட்டும்போது அது தானாகப் பல த்ரெட்களை எடுத்துக்கொள்ளும். நூலகமாக உங்கள் நிரலில் சேர்க்கும்போது த்ரெட் எண்ணிக்கை இயல்பாக 1. கோடெக்கைத் திறக்கும் முன் அதை 0 என்று வைத்தால்தான் தானாகத் தேர்ந்தெடுக்கும். "வெளியே வேகமாக ஓடுகிறது, என் நிரலில் மட்டும் மெதுவாக ஓடுகிறது" என்ற புகாரில் பல இந்த ஒரு வரியில் தீரும்.

அடுத்தது ஜிபியூவுக்கு (திரைப் படங்களை வரையும் சிப்) அனுப்பும் செலவு. 1920-க்கு 1080 ஃபிரேம், ஆர்ஜிபிஏ வடிவில் 82,94,400 பைட். அதுவே டீகோடர் தரும் ஒய்யுவி 4:2:0 வடிவில் 31,10,400 பைட். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் சுமார் 50 கோடி பைட்டுக்கும் 19 கோடி பைட்டுக்கும் உள்ள வித்தியாசம். போதாததற்கு, ஆர்ஜிபிக்கு மாற்றும் வேலையை சிபியூவும் செய்ய வேண்டும். மாற்றத்தை ஷேடருக்கு (ஜிபியூவில் ஓடும் சிறு நிரல்) விட்டுவிடுங்கள்: ஒளிக்கு ஒன்று, நிறத்துக்கு இரண்டு என மூன்று ஒற்றைச் சேனல் டெக்ஸ்சர்கள் (ஜிபியூ நினைவகத்தில் உள்ள படங்கள்), ஷேடரில் ஒரு மேட்ரிக்ஸ் பெருக்கல், அவ்வளவுதான்.

டெக்ஸ்சரை ஒருமுறை மட்டும் உருவாக்கி, பிறகு டெக்ஸ்சப்இமேஜ்2டி மூலம் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் டெக்ஸ்இமேஜ்2டி அழைத்தால் டிரைவர் புது இடம் ஒதுக்க நேரும். இரண்டு பிக்செல் பஃபர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஒன்றில் நீங்கள் எழுதும்போது மற்றொன்று ஜிபியூவுக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்புறம், ஃபிரேம் மாறினால் மட்டும் அனுப்புங்கள். 24 ஃபிரேம் வீடியோவில் 60 ரிஃப்ரெஷில் 36-க்கு அனுப்ப எதுவுமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ரிஃப்ரெஷிலும் அதே படத்தை அனுப்பும் நிரல்கள் ஏராளம்.

வன்பொருள் டீகோடர் பயன்படுத்தியும் மெதுவாக இருக்கிறதென்றால், ஜிபியூவில் டீகோட் ஆன ஃபிரேமை நினைவகத்துக்கு இறக்கி மறுபடி ஜிபியூவுக்கே ஏற்றுகிறீர்களா என்று பாருங்கள். அந்தச் சுற்று, வன்பொருளால் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும்.

அறிகுறி: ஒலியும் படமும் ஒட்டவில்லை

தொடக்கத்திலிருந்து ஒரே அளவு விலகலா, போகப் போகக் கூடுகிறதா? ஒரே அளவு என்றால் ஒலி வெளியே வரும் தாமதத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. புளூடூத் ஹெட்போனில் 100 மில்லிநொடிக்கு மேல் தாமதம் சாதாரணம், எனவே பயனர் சரிசெய்ய அமைப்புகளில் ஒரு ஸ்லைடர் வையுங்கள். போகப் போகக் கூடினால் நிமிடத்துக்கு எவ்வளவு என்று அளவெடுங்கள். சுமார் 60 மில்லிநொடி என்றால் 23.976 வீடியோவை 24 என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு பிழைதான், ஆனால் பத்து நிமிடத்தில் 0.6 நொடி ஆகிவிடும். ஃபிரேம் எண்ணிக்கையை வேகத்தால் வகுக்காமல் நேரக்குறியையே பயன்படுத்தினால் இது வராது.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஒளிபரப்புக்கான பரிந்துரை பிடி.1359 சொல்லும் அளவு இங்கே உதவும்: ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலோ, 125 மில்லிநொடி பிந்தினாலோ மனிதருக்குத் தெரிய ஆரம்பிக்கும். முந்துவதுதான் அதிகம் உறுத்தும். எனவே தவறுவதென்றால் ஒலி பிந்தும் பக்கம் தவறுங்கள். சரிசெய்யும்போதும் ஒலியை வெட்டாதீர்கள், ஒரு ஃபிரேமை விட்டுவிடுவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஒலியில் விழும் ஒரு டிக் காதில் விழாமல் போகாது.

படம் முன்னும் பின்னுமாகக் குதித்தால் காரணம் பி-ஃபிரேம்கள், அதாவது முந்தைய, பிந்தைய ஃபிரேம்களைச் சார்ந்து உருவாகும் ஃபிரேம்கள். அவை கோப்பில் இருக்கும் வரிசையும் காட்ட வேண்டிய வரிசையும் வேறு. டீகோடருக்குள் அனுப்பிய பாக்கெட்டின் (சுருக்கிய தரவுத் துண்டின்) நேரத்தை வெளியே வரும் ஃபிரேமுக்கு ஒட்டாமல், ஃபிரேமே கொண்டுவரும் நேரக்குறியை எடுங்கள்.

அறிகுறி: தொடங்கும்போது கறுப்பு, லூப் ஆகும்போது தடுக்கல்

கோப்பைத் திறப்பது, ஸ்ட்ரீம் விவரம் படிப்பது, முதல் ஃபிரேம்களை டீகோட் செய்வது எல்லாவற்றையும் காட்ட வேண்டிய நேரத்துக்கு முன்பே முடித்து வையுங்கள். யூனிட்டியின் வீடியோ பிளேயரில் இதற்குத்தான் பிரிப்பேர் இருக்கிறது. அது முடிந்ததற்கான நிகழ்வு வந்த பிறகு பிளே கொடுங்கள்.

லூப்பில் வரிசையைக் காலி செய்வதுதான் தடுக்கலுக்குக் காரணம். கோப்பு முடிந்ததும் டீகோடருக்கு வெற்றுப் பாக்கெட் அனுப்பி உள்ளே தங்கியுள்ள ஃபிரேம்களை வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு வீடியோவின் கடைசிச் சில ஃபிரேம்கள் வராமலே போகும். பிறகு டீகோடர் த்ரெட் மட்டும் தொடக்கத்துக்குப் போகட்டும். புது ஃபிரேம்களின் நேரக்குறியோடு வீடியோவின் மொத்த நீளத்தைக் கூட்டி அதே வரிசையின் வாலில் சேர்த்தால், காட்டும் பக்கத்துக்கு லூப் ஆனதே தெரியாது. ஒலி மட்டும் இடறினால் ஏஏசி என்ற ஒலி வடிவத்தின் தொடக்கத்தில் என்கோடர் சேர்க்கும் வெற்று சாம்பிள்கள்தான் காரணமாக இருக்கும். லூப் இசையை வார்பிஸ் என்ற ஒலி வடிவத்தில் தனியாக வையுங்கள்.

அறிகுறி: விண்டோ மாறித் திரும்பி வந்தால் வீடியோ வேகமாக ஓடுகிறது

கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, ஃபிரேம்கள் நின்றுவிட்டன, இப்போது எல்லாம் சேர்ந்து ஓடிப் பிடிக்கப் பார்க்கிறது. விண்டோ கவனம் இழந்தால் கடிகாரத்தையும் நிறுத்துங்கள். இரண்டு ரிஃப்ரெஷுக்கு இடையே கால் நொடிக்கு மேல் போயிருந்தால் அதை இடைநிறுத்தம் (பாஸ்) என்றே கொள்ளுங்கள். மெதுவான கணினியில் டீகோடரே பின்தங்கினால், காட்டும் இடத்தில் ஃபிரேமை விடுவதால் பயனில்லை, டீகோட் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. மற்ற ஃபிரேம்கள் சார்ந்திராதவற்றை டீகோட் செய்யாமலே தாண்டும்படி கோடெக்கிடம் சொல்ல வேண்டும்.

அறிகுறி: படமே கோணல், அல்லது நிறம் தவறு

படம் சாய்ந்த கோடுகளாகச் சிதறினால், ஒரு வரியின் பைட் நீளத்தைப் பட அகலம் என்று எடுத்திருக்கிறீர்கள். டீகோடர் வரியின் இறுதியில் இட்டுநிரப்பல் சேர்க்கும், அது தரும் வரி நீளத்தைப் பயன்படுத்துங்கள். அடியில் பச்சைக் கோடு தெரிந்தால், எச்.264 16-இன் மடங்காக 1088 வரி சேமித்திருப்பதை வெட்டாமல் காட்டுகிறீர்கள். முகம் நீலமாக இருந்தால் இரண்டு நிறத் தளங்கள் இடம் மாறியிருக்கின்றன. படம் வெளுத்திருந்தால் 16 முதல் 235 வரை உள்ள ஒளி அளவை 0 முதல் 255 வரை விரிக்கவில்லை.

அறிகுறி: செல்போனில் அல்லது பிரவுசரில் மட்டும்

எச்.264-ஐ 10 பிட்டில் என்கோட் செய்திருந்தால் பெரும்பாலான செல்போன் வன்பொருள் அதைத் தொடாது, வேலை சிபியூவில் விழும். 8 பிட்டுக்கு மாற்றுங்கள். கோடோவில் உள்ளேயே வரும் வீடியோ வடிவம் தியோரா மட்டும்தான், அதை டீகோட் செய்வதும் சிபியூதான், எனவே செல்போனுக்கு 720 வரி, 30 ஃபிரேம் என்று அடக்கமாக வைப்பது நல்லது. யூனிட்டியில் வெப்ஜிஎல் (பிரவுசரில் ஓடும்) வெளியீட்டுக்கு வீடியோ கிளிப் வேலை செய்யாது, முகவரி கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த எம்பி4 கோப்பின் குறிப்பகுதி இறுதியில் இருந்தால் தொடங்கத் தாமதமாகும், எஃப்எஃப்எம்பெக்கின் ஃபாஸ்ட்ஸ்டார்ட் விருப்பம் அதை முன்னால் கொண்டுவந்துவிடும். பிரவுசரில் ஒலியுள்ள வீடியோ தானாகத் தொடங்கவே மறுத்தால் உங்கள் நிரலில் பிழை இல்லை. குரோம் 2018-லிருந்தே பயனர் ஒருமுறை தொடும் வரை அதை விடுவதில்லை. கேமின் முதல் திரையில் ஒரு "தொடங்கு" பொத்தான் வைத்து, அந்தக் கிளிக்கிலேயே வீடியோவைத் தொடங்கிவிடுங்கள்.